வெள்ளம் புகுந்த சுரங்கத்திலிருந்து ஆட்களை மீட்பது ஏன் இவ்வளவு ஆபத்தானது?

சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள் என்று செய்தி வந்த மறுநாளே ஒரு கேள்வி எழும்: “பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு ஆட்களைத் தூக்க வேண்டியதுதானே? இத்தனை நாளாக அங்கே என்ன செய்கிறார்கள்?” உள்ளே மாட்டியிருப்பவரின் வீட்டார் இப்படிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. சில இடங்களில் அலட்சியமும் உண்மையிலேயே இருக்கும். ஆனால் எல்லாரும் முழு மனதோடு உழைக்கும் இடத்திலும் இந்த மீட்பு மெதுவாகத்தான் நடக்கும். காரணம் இதுதான்: வெள்ளம் புகுந்த சுரங்கத்துக்குள் தண்ணீர், காற்று, பாறை மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றில் கை வைத்தால் மற்ற இரண்டும் அசையும். அந்த அசைவில் உள்ளே உயிரோடு இருப்பவர் சாகலாம், காப்பாற்றப் போனவரும் சாகலாம்.

முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். மழையும் ஆறும் உடைத்துக்கொண்டு வருவது உண்டு. 1963 அக்டோபர் 24 அன்று மேற்கு ஜெர்மனியின் லெங்கடே இரும்புச் சுரங்கத்தில், தரைமேல் இருந்த கழிவுநீர்க் குளம் ஒன்றின் அடித்தளம் உடைந்து, சேறும் தண்ணீருமாகக் கீழே இறங்கியது. ஆனால் மிகப் பெரிய விபத்துகள் பலவற்றுக்குக் காரணம் பக்கத்தில் இருக்கும் பழைய சுரங்கம். வேலை முடிந்து கைவிடப்பட்ட சுரங்கத்தில் பல ஆண்டுகளாக நிலத்தடி நீர் ஊறி நிரம்பிக்கிடக்கும். புதிய சுரங்கத்தில் வெட்டிக்கொண்டு போகிறவர்கள், இடையில் நிற்கும் பாறைச் சுவர் இன்னும் தடிமனாக இருக்கிறது என்று நம்பி வெட்டுவார்கள். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சஸ்நாலாவில் இப்படித்தான் பழைய சுரங்கத்தில் தேங்கிய நீர் பாய்ந்து 375 பேர் இறந்தனர். 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள குவீகிரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒன்பது பேர் சிக்கியதும் இதே வகைதான். பக்கத்தில் மூடிக்கிடந்த சுரங்கம் எதுவரை வெட்டப்பட்டது என்பதைக் காட்டும் கடைசி வரைபடம் அவர்கள் கையில் இல்லை. கையில் இருந்த பழைய வரைபடத்தின்படி சுவர் வெகு தூரத்தில் இருந்தது.

மீட்புக் குழுவுக்கு இது ஏன் முக்கியம்? எந்தச் சுவர் உடைந்தது, அதன் பின்னால் எவ்வளவு நீர் இருக்கிறது என்று தெரியாத வரை, இறைக்க வேண்டியது ஒரு சுரங்கத்தின் நீரா, இரண்டு சுரங்கங்களின் நீரா என்றே தெரியாது. 2022 ஆகஸ்டில் மெக்சிகோவின் கோவாய்லா மாநிலத்தில் எல் பினாபெத்தே சுரங்கத்தில் பத்துப் பேர் சிக்கினார்கள். நாள்கணக்கில் இறைத்து, நீர்மட்டம் குறைந்து, குழுவினர் இறங்கும் நிலை வந்தது. அதற்குள் பக்கத்துப் பழைய சுரங்கத்திலிருந்து மீண்டும் நீர் புகுந்து மட்டம் மளமளவென்று ஏறிவிட்டது. பத்துப் பேரில் ஒருவர்கூட உயிரோடு வரவில்லை. அந்த நேரத்தில் குழு உள்ளே இருந்திருந்தால் இழப்பு இன்னும் கூடியிருக்கும்.

காற்றுக்குள் உயிர்

வெள்ளம் நிரம்பிய சுரங்கத்தில் ஒருவர் எப்படி உயிரோடு இருக்க முடியும்? ஒரு குவளையைத் தலைகீழாகப் பிடித்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குவளைக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாததால் தண்ணீர் முழுதாக உள்ளே ஏறாது. சுரங்கத்தில் மேல்நோக்கிச் சாய்வாகப் போய், முனையில் மூடியிருக்கும் பாதைகள் இதே வேலையைச் செய்கின்றன. வெள்ளம் கீழிருந்து ஏறும்போது அந்த முட்டுச் சந்துகளில் காற்று அடைபடுகிறது. தப்பி ஓடியவர்கள் மேடான இடம் தேடி அங்கேதான் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அந்தக் காற்று சாதாரணக் காற்று இல்லை. தண்ணீரின் எடை அதை நெருக்கிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ ஒவ்வொரு 10 மீட்டர் நீர் உயரத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். காற்று அடைபட்ட இடத்தைவிட 10 மீட்டர் உயரத்தில் வெளி நீர்மட்டம் நின்றால், உள்ளே அழுத்தம் இரண்டு மடங்கு. அந்தக் காற்று முதலில் அடைத்துக்கொண்ட இடத்தில் பாதிக்குள் சுருங்கிவிடும். 20 மீட்டர் என்றால் மூன்று மடங்கு, மூன்றில் ஒரு பங்கு இடம். உள்ளே இருப்பவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்பது இந்த அழுத்தம் ஒன்றுதான்.

இப்போது அந்த அறைக்கு ஒரு துளை போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நெருக்கிக்கிடந்த காற்று சீறி வெளியே பாயும். காற்று போகப் போகத் தண்ணீர் ஏறும். வெளி மட்டத்துக்குச் சமமாகும் வரை நிற்காது.

1877 ஏப்ரல் 11 அன்று வேல்ஸ் நாட்டின் ரோண்டா பள்ளத்தாக்கில் டைனிவித் சுரங்கத்தில் நடந்தது இதற்குப் பாடமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி. பக்கத்துப் பழைய சுரங்கத்தின் நீர் பாய்ந்து பதினான்கு பேர் சிக்கினார்கள். அவர்களில் ஐந்து பேர் ஒரு காற்றறையில் இருந்து சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டும் ஓசை கேட்டுத் தோழர்கள் மறுபக்கத்திலிருந்து நிலக்கரியை வெட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசி அடுக்கு உடைந்ததும் உள்ளே அடைபட்ட காற்று துளை வழியே பீறிட்டது. துளைக்கு அருகில் இருந்த ஒருவரை அந்தக் காற்று தூக்கி அதே துளைக்குள் அடித்துத் திணித்தது. அவர் அங்கேயே இறந்தார். மற்ற நான்கு பேர் பிழைத்தார்கள். வெள்ளம் அவரைக் கொல்லவில்லை. மீட்பு வந்து சேர்ந்த அந்தக் கணம்தான் கொன்றது. இதே ஆபத்து காத்திருக்கிறது என்று தெரிந்தும் மற்றொரு குழுவை நோக்கித் தொழிலாளர்கள் தொடர்ந்து வெட்டினார்கள். ஏப்ரல் 20 அன்று இன்னும் ஐந்து பேரை உயிரோடு கொண்டுவந்தார்கள். அதுவரை கடலில் உயிர் காத்தவர்களுக்கு மட்டுமே தரப்பட்டுவந்த ஆல்பர்ட் பதக்கம், இவர்களுக்காகவே நிலத்தில் உயிர் காத்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இன்றைய மீட்பில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. காற்றறைக்குள் துளை இறங்கியதும் மேலிருந்து அழுத்திய காற்றைத் தொடர்ந்து செலுத்துவது ஒன்று. குவீகிரீக்கில் அப்படித்தான் செய்தார்கள். ஏறத்தாழ 6 அங்குலத் துளை வழியே போன காற்று, மூச்சுக்கும் ஆயிற்று, தண்ணீரைத் தள்ளி நிறுத்தவும் ஆயிற்று. ஆட்களைத் தூக்கும் பெரிய துளையை மட்டும், நீர்மட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிய பிறகே உடைத்துத் திறந்தார்கள். ஆத்திரப்பட்டு முன்னதாகத் திறந்திருந்தால் காற்று போயிருக்கும். மற்ற வழி, துளையின் வாயிலேயே அழுத்தம் கசியாத பூட்டறை (இரண்டு கதவுகளில் ஒன்று எப்போதும் மூடியே இருக்கும் சிறு அறை) கட்டி, அதன் வழியே ஆட்களை எடுப்பது. லெங்கடேயில் காற்றுக் குமிழுக்குள் சிக்கிய மூன்று பேரை 1963 நவம்பர் 1 அன்று இப்படி வெளியே கொண்டுவந்தார்கள்.

மூச்சில் இருக்கும் விஷம்

காற்று இருந்தால் போதாது, எந்தக் காற்று என்பதும் முக்கியம். மூடிய இடத்தில் பலர் மூச்சு விடும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறோம். உண்மையில் அதற்கு முன்பே வெளிவிடும் கரியமில வாயு சேர்ந்து வதைக்கும். காற்றில் அது 4, 5 சதவீதத்தை எட்டும்போது தலைவலி, மூச்சிரைப்பு, மயக்கம் எல்லாம் வந்துவிடும். அப்போதும் ஆக்சிஜன் 16 சதவீத அளவுக்கு மிச்சமிருக்கும். அழுத்தம் கூடிய காற்றறையில் நிலைமை இன்னும் மோசம். மூன்று மடங்கு அழுத்தத்தில் 1 சதவீதக் கரியமில வாயு, தரைமேல் 3 சதவீதம் செய்யும் வேலையைச் செய்யும். அதனால்தான் உள்ளே இருப்பவர்களோடு பேச முடிந்ததும் முதலில் சொல்லப்படும் அறிவுரை: அசையாமல் உட்காருங்கள், ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்ளுங்கள், தேவையின்றிப் பேசாதீர்கள்.

பழைய சுரங்கத்திலிருந்து வரும் நீர் தனியாக வருவதில்லை. அங்கே பல ஆண்டுகளாக அடைந்துகிடந்த ஆக்சிஜன் குறைந்த காற்றையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். தேங்கிய நீரில் ஹைட்ரஜன் சல்பைடு கரைந்திருக்கக்கூடும். தண்ணீரைக் கலக்கினால், இறைத்தால், கால் வைத்து நடந்தால்கூட அது வெளிவரும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். செறிவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் சக்தியையே இழந்துவிடும். நாற்றம் நின்றதை ஆபத்து நின்றதாக எடுத்துக்கொண்டு உள்ளே போனவர்கள் விழுந்திருக்கிறார்கள். நிலக்கரிச் சுரங்கம் என்றால் மீத்தேனும் உண்டு. நீர்மட்டம் இறங்கும்போது காலியாகும் இடத்தை அது நிரப்பும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். ஆகவே உள்ளே இறக்கும் பம்பு, விளக்கு, தொலைபேசி ஒவ்வொன்றும் தீப்பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஊரில் கிடைக்கும் பம்புகளை எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிட முடியாததற்கு இது முக்கியக் காரணம். டீசல் இன்ஜினைக் குழிக்குள் இறக்கினால் அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடே ஆளைக் கொல்லப் போதும்.

இறைப்பது ஏன் எளிதில்லை

இறைப்பது என்ற வார்த்தை எளிதாகத் தெரிகிறது. 2018 டிசம்பர் 13 அன்று மேகாலயாவின் கிழக்கு ஜைந்தியா மலைப் பகுதியில் கசான் என்னும் இடத்தில், எலிவளைச் சுரங்கம் ஒன்றுக்குள், அதாவது ஆள் தவழ்ந்து போகும் அளவே உள்ள குறுகிய பாதைகளாக வெட்டப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்துக்குள், வெள்ளம் புகுந்து பதினைந்து பேர் சிக்கினார்கள். செங்குத்துக் குழியின் ஆழம் ஏறத்தாழ 370 அடி. அந்த ஆழத்திலிருந்து நீரை மேலேற்ற ஆற்றல் மிக்க பம்புகள் தேவை. அவை தொலைவிலிருந்து மலைச் சாலைகளில் வர வேண்டியிருந்தது. இறைக்க இறைக்க ஆற்று நீர் பக்கத்துச் சுரங்கங்கள் வழியே ஊறிக்கொண்டே இருந்தது. அந்தச் சுரங்கத்துக்கு வரைபடமே கிடையாது. இந்த வகைச் சுரங்கங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014ஆம் ஆண்டிலேயே தடை விதித்திருந்தது. சட்டத்துக்கு மறைவாக நடக்கும் சுரங்கத்துக்கு யார் வரைபடம் வைத்திருப்பார்கள்? அந்தத் தொழிலாளர்களின் சாவுக்கு வெள்ளம் எவ்வளவு காரணமோ, இந்த மறைவும் அவ்வளவு காரணம் என்றே நான் நினைக்கிறேன். பதினைந்து பேரில் யாரும் உயிரோடு திரும்பவில்லை.

போதுமான பம்புகள் கிடைத்துவிட்டாலும் நினைத்த வேகத்தில் இறைக்கக் கூடாது. தண்ணீரில் ஊறிய களிமண் தரை இளகிப் போயிருக்கும். கூரையைத் தாங்க விட்டுவைத்த நிலக்கரித் தூண்கள் வலுவிழந்திருக்கும். முட்டுக்கொடுத்த மரங்கள் மிதந்து போயிருக்கும். நிரம்பி நின்ற நீர் சுவர்களையும் கூரையையும் கொஞ்சம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சட்டென்று வெளியேற்றினால் தாங்கல் போய், ஊறிய பாறை தன் முழு எடையோடு இறங்கும். இதனால் நீர்மட்டத்தையும் பாறை அசைவையும் அளந்து அளந்து இறைக்கிறார்கள்.

அசையும் நிலம் மீட்பவர்களை என்ன செய்யும் என்பதை ஆஸ்திரியாவின் லாசிங் கிராமம் அறியும். 1998 ஜூலை 17 அன்று அங்குள்ள டால்க் (முகப் பவுடருக்குப் பயன்படும் மென்மையான கனிமம்) சுரங்கத்தில் சேறும் நீரும் இறங்கி, ஒரு தொழிலாளி கீழே தன் ஓய்வறையில் சிக்கினார். அவரைக் காக்கவும் சுரங்கத்தை நிலைப்படுத்தவும் பத்துப் பேர் உள்ளே போனார்கள். அன்று இரவே இரண்டாவது சரிவு வந்து பத்துப் பேரையும் விழுங்கியது. அவர்களின் உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. யாரைக் காக்கப் போனார்களோ அவர் ஒன்பது நாட்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்டார். ஒரு குழு உள்ளே போகும்போது இன்னொரு குழு முழுத் தயார்நிலையில் வெளியே நிற்க வேண்டும் என்ற விதியும், அளவீடு சரியில்லை என்றால் யாரையும் இறக்காத பிடிவாதமும் இப்படிப்பட்ட இழப்புகளிலிருந்து வந்தவை. வெளியே நிற்கும் உறவினருக்கு அந்தப் பிடிவாதம் கல்நெஞ்சாகத் தெரியும். தெரியத்தான் செய்யும்.

நீரில் மூழ்கிப் போய்ப் பார்த்தால்?

கடலில் நீந்தும் வீரருக்கு ஆபத்து என்றால் மேலே வந்துவிடலாம். சுரங்கத்தில் மேலே இருப்பது பாறை. போன வழியேதான் திரும்ப வேண்டும். நிலக்கரித் தூள் கரைந்த நீரில் விளக்கு பயன்படாது, தன் கையே தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு போக வேண்டும். மின்கம்பிகள், மிதக்கும் மரங்கள், கவிழ்ந்த தள்ளுவண்டிகள் காற்றுக் குழாயில் சிக்கும். டைனிவித்தில் 1877இலேயே நீர்மூழ்கி வீரர்களை அனுப்பிப் பார்த்தார்கள், முடியவில்லை. மேகாலயாவில் கடற்படை வீரர்களோடு தொலைவிலிருந்து இயக்கும் நீரடி வாகனமும் இறங்கியது. முதல் உடலை ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு அதுதான் கண்டது.

வென்ற முயற்சியும் ஒன்று உண்டு. 1907 மார்ச்சில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி அருகே ஒரு தங்கச் சுரங்கத்தில், மழை வெள்ளத்தால் ஓர் இத்தாலியத் தொழிலாளி காற்றறையில் சிக்கினார். கனத்த தலைக்கவசமும் நீண்ட காற்றுக் குழாயுமாக நீர்மூழ்கி ஒருவர் இருட்டுப் பாதைகளில் நடந்து அவரிடம் போய்ச் சேர்ந்தார். உணவும் விளக்கும் கொடுத்தார். ஆனால் அவரை நீருக்கடியில் இழுத்துவரத் துணியவில்லை. பழக்கமில்லாதவரை அப்படிக் கொண்டுவந்தால் பதற்றத்திலேயே இருவரும் மூழ்குவார்கள். நீர்மட்டம் குறையும் வரை திரும்பத் திரும்பப் போய்வந்து, ஒன்பதாம் நாள், நடந்து வரக்கூடிய அளவுக்கு நீர் வடிந்ததும் வெளியே அழைத்துவந்தார். துணிந்து போனதைப் போலவே, இழுத்துவராமல் காத்திருந்ததும் பெரிய காரியம்.

துளையும் கூண்டும்

மேலிருந்து நேராகத் துளையிடுவதுதான் இன்று பலரும் நம்பும் வழி. 1989 நவம்பர் 13 அன்று மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதியில் மகாபீர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து ஆறு பேர் இறந்தார்கள்; அறுபத்தைந்து பேர் உள்ளே உயிரோடு மாட்டிக்கொண்டார்கள். சுரங்கப் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில், ஆள் நிற்கும் அகலத்தில் துளையிட்டு, இரும்பில் ஒரு கூண்டு செய்து, அதில் தானே முதலில் இறங்கினார். ஒவ்வொருவராக மேலே அனுப்பிவிட்டுக் கடைசியில் வந்தார். அவர் இறங்கும்போது என்னென்ன நடந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். துளையின் சுவர் இடிந்து கூண்டு பாதியில் மாட்டலாம். வழியில் உள்ள நீரூற்று துளைக்குள் திறக்கலாம். கீழே காற்று கெட்டிருக்கலாம். உள்ளே இருப்பவர்கள் பயத்தில் கூண்டை முட்டி மோதிக்கொள்ளலாம். கீழே ஒழுங்கை நிலைநாட்ட ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான் அவர் போனார்.

துளை குறி தவறுவதும் உண்டு. 70, 80 மீட்டர் ஆழத்தில் சில மீட்டர் அகலமே உள்ள பாதையைத் தொட வேண்டும். பாறை அடுக்குகள் துளைக்கருவியை ஒருபக்கம் தள்ளும். வேகமாக அழுத்தினால் கருவி உடையும். குவீகிரீக்கில் பெரிய துளையின் நடுவில் துளைமுனை முறிந்து, அதை எடுப்பதிலேயே ஏறத்தாழ 18 மணி நேரம் போயிற்று. கீழே அந்த ஒன்பது பேர், இறந்தால் உடல்கள் தனித்தனியே மிதந்து போகாமல் ஒன்றாகக் கிடைக்கட்டும் என்று தங்களை ஒருவரோடு ஒருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். 77 மணி நேரத்துக்குப் பின் ஒன்பது பேருமே உயிரோடு வந்தார்கள்.

வெளியே வந்த பிறகும் ஆபத்து தொடரும். அழுத்தம் கூடிய காற்றில் நாள்கணக்கில் இருந்தவரின் இரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் கரைந்திருக்கும். சட்டென்று தரைமேல் கொண்டுவந்தால் அது குமிழ்களாகப் பிரிந்து மூட்டையும் நரம்பையும் மூளையையும் தாக்கும். எனவே அழுத்த அறையில் வைத்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். குவீகிரீக்கில் அத்தகைய அறைகளைக் குழி வாயிலில் தயாராக வைத்திருந்தார்கள். குளிர்ந்த நீரில் கிடந்த உடலின் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும். அவரை நடக்கவிடக் கூடாது. பல நாள் பட்டினிக்குப் பின் வயிறாரச் சோறு போடுவது அன்புதான், ஆனால் இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்றுவிடலாம். நீராகாரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணைத் துணியால் மூடியே வெளியே எடுப்பார்கள்.

எப்போது நிறுத்துவது?

எந்தத் தொழில்நுட்பமும் பதில் சொல்லாத கேள்வி இதுதான். தேடலை நீட்டினால் மீட்பவர்களின் உயிர் பணயம். நிறுத்தினால் உள்ளே தட்டிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கைவிட்டதாக ஆகலாம். 2010 மார்ச் 28 அன்று சீனாவின் ஷான்சி மாநிலத்தில் வாங்ஜியாலிங் சுரங்கத்தில் 153 பேர் சிக்கினார்கள். ஐந்தாம் நாள் குழாயில் தட்டும் ஓசை கேட்டது. எட்டாம் நாள் 115 பேர் உயிரோடு வந்தார்கள்; தூக்கத்தில் நீருக்குள் விழாமலிருக்க அவர்களில் சிலர் இடுப்புவாரால் தங்களைச் சுவரோடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

லெங்கடேயில் மூன்று பேரை எடுத்த பிறகு, இனி யாரும் உயிரோடு இல்லை என்று முடிவாகி, கருவிகளை அகற்றத் தொடங்கி, இறந்தோருக்கான நினைவு வழிபாட்டுக்கு நாளும் குறித்தாயிற்று. அந்தச் சுரங்கத்தை அறிந்த தொழிலாளர்கள் விடவில்லை. கைவிடப்பட்ட பழைய வெட்டுப் பகுதி ஒன்று மேட்டில் இருக்கிறது, ஓடியவர்கள் அங்கே போயிருப்பார்கள் என்றார்கள். பாறை உதிரும் ஆபத்தான பகுதி என்பதால் அங்கே யாரும் போயிருக்க மாட்டார்கள் என்று மற்றவர்கள் எண்ணியிருந்தார்கள். நவம்பர் 3 அன்று அங்கே ஒரு சிறு துளை இறக்கிப் பார்த்தார்கள்; கீழிருந்து பதில் தட்டல் வந்தது. அங்கே தஞ்சம் புகுந்த இருபத்தொரு பேரில் பத்துப் பேர் அதற்குள் இறந்திருந்தார்கள், உதிர்ந்த பாறை அவர்களில் பலரைக் கொன்றிருந்தது. மிச்சம் பதினொரு பேரை, அதிரும் கருவி கூரையை உதிர்த்துவிடாதபடி மெதுவாகத் துளையிட்டு, நவம்பர் 7 அன்று, பதினான்காம் நாள் மேலே எடுத்தார்கள்.